வெட்டுப்பட்ட அரை நிமிடம்

என் மாமனாருக்கு வலது கண்ணில் புரை. அறுவைக்கு மருத்துவமனை கொடுத்த நேரம் புதன்கிழமை காலை பத்தரை. அவர் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு நடுவராக நின்ற கால்பந்து இறுதியாட்டத்தை விளையாட்டுச் சேனல் மறுபடி போடுவதாக அறிவித்ததும் அதே புதன்கிழமை, அதே பத்தரைக்கு. சேனலுக்கு ஏதோ ஆண்டு நிறைவாம். பழைய ஆட்டங்களைத் தூசி தட்டி ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை காட்டுகிறார்கள். அறுவையைத் தள்ளிப்போட்டால் அடுத்த நேரம் இரண்டரை மாதம் கழித்துத்தான். சேனல்காரனிடம் தள்ளிப்போடச் சொல்ல முடியாது.

"ரெக்கார்ட் பண்ணி வைக்க முடியுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருப்பார். மீதி உள்ள மாமா, அத்தை, நான் மூன்று பேரில் திருப்புளி பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடை கடையாகப் போய் எடை மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து முத்திரை ஒட்டுவது என் பிழைப்பு. அதனால் மின்சாரத்தில் ஓடுகிற எதையும் நான் அவிழ்த்து மாட்டிவிடுவேன் என்று இந்த வீட்டில் ஒரு மூடநம்பிக்கை உண்டு.

"முடியும் மாமா," என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

எங்கள் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். திறந்தால் உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. அதை ஊதித் தள்ளி, இரண்டு சேனல்களை ஒரே நேரத்தில் பிடிக்கிற டியூனர் கார்டு ஒன்றைச் செருகி, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டினேன். அதன் உள்ளிருந்த மின்விசிறி போட்ட சத்தத்தில் அத்தை சமையலறையிலிருந்து வந்து, "மொட்டை மாடியில ஹெலிகாப்டர் எறங்குதா?" என்று கேட்டார். அதைக் கழற்றிவிட்டுப் பெரிதாக, மெதுவாகச் சுற்றுகிற விசிறி ஒன்றைப் போட்டேன். டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் பெட்டி உட்கார்ந்தது. சூடு வெளியேற ஸ்டாண்டின் பின்பலகையில் ஒரு சதுரத்தை அறுத்து எடுத்தேன். நிகழ்ச்சிப் பட்டியலை வாங்கி, வேண்டியதைப் பதிந்து, அடுக்கி வைக்கிற மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. பத்து நாள் மாலைப் பொழுதுகள் போயின.

ஓடத் தொடங்கிய மறுநாளே பெட்டி அத்தையின் சொத்தாகிவிட்டது. மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை நான்கு சீரியல், அத்தனையும் பதிவு. "விளம்பரத்தப் பாக்கறதுக்குள்ள பாதி உசுரு போகுது, அத எடுத்துட முடியாதா?" என்றார். அதற்கும் ஒரு வழி இருந்தது. பதிவு முடிந்ததும் ஒரு சின்ன நிரல் அதை முழுவதும் ஓட்டிப் பார்க்கும். திரை கண் சிமிட்டுகிற நேரம் கறுப்பாகி, உடனே சத்தம் வேறு மாதிரி மாறி, அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து மறுபடி கறுப்பானால், நடுவில் இருப்பது விளம்பரம் என்று முடிவுகட்டி வெட்டிவிடும். சீரியல்கள் டிஸ்க்கை அடைத்துக்கொண்டதால், வெட்டிய பிரதி தயாரானதும் மூலத்தை அழித்துவிடும்படியும் சொல்லி வைத்தேன். நான்கு சீரியல், ஒரு செய்தி அறிக்கை, ஐந்தையும் சோதித்துப் பார்த்தேன். கத்தி வைத்ததுபோல் சுத்தமாக வெட்டியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை அண்டை வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் என் மாமனாருக்குப் பெயர் விசில். நேரில் யாரும் சொல்வதில்லை, ஆனால் தபால்காரர்கூட அந்தப் பெயரை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார். அந்த இறுதியாட்டத்தின் எண்பத்தெட்டாவது நிமிடம், இரு பக்கமும் கோல் இல்லை. கோல் வலைக்குள் போக இருந்த பந்து எங்கள் தெரு அணியின் தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு மேலே போனது. கையில் பட்டதென்று மாமா விசில் ஊதினார், பெனால்டி கொடுத்தார், ஆட்டக்காரருக்குச் சிவப்பு அட்டையும் காட்டினார். எங்கள் தெரு தோற்றது. பெரிய அணிக்கு ஆள் எடுக்க வந்து மேலே உட்கார்ந்திருந்தவர்கள், அட்டை வாங்கியவரின் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இப்போது எங்கள் வீட்டுக்கு நாலாவது வாசலில் சாவி செய்கிற கடை வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. இரண்டு வருடம் முன்பு எங்கள் வாசல் பூட்டில் சாவி உடைந்து மாட்டிக்கொண்டபோது, மாமா ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பூட்டுக்காரரை வரவழைத்தார். அந்த ஆள் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். சாவிக்காரர் தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவிடலாம்போல இருந்தது.

பந்து கையில் பட்டதா, படவில்லையா? அன்று ஊரே டிவியில் கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த ரீப்ளேயைப் பார்த்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் பட்டது என்றார்கள், பாதிப் பேர் படவில்லை என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பார்க்காத ஒரே ஆள் மாமாதான். மைதானத்தில் நின்றவருக்கு ரீப்ளே யார் காட்டுவார்கள்? வலைத்தளங்களில் நானும் துழாவினேன். கோல் கணக்கு மட்டும்தான் இருந்தது.

இப்போது தெரு அணிக்கு ஐம்பதாவது வருடம். ஞாயிற்றுக்கிழமை விழா. பழைய ஆட்டக்காரர்களுக்குக் கேடயம் கொடுக்கிறார்கள், சாவிக்காரருக்கும் உண்டு. அதை மாமா கையால் கொடுக்க வைத்தால் பகை தீர்ந்துவிடும் என்று அணிச் செயலாளருக்கு ஒரு யோசனை. வீட்டுக்கு வந்து கேட்டார்.

"படத்தப் பாத்துட்டு சொல்றேன்," என்றார் மாமா. "கை பட்டிருந்தா வரேன். படலேன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் எதிர்ல நிக்கிறது?"

"பட்டிருக்கும் சார்," என்றார் செயலாளர்.

"நீங்க அன்னிக்கு படலேன்னு சொன்னவரு."

செயலாளர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை நானும் மாமாவும் மருத்துவமனைக்குப் போனோம். வீட்டிலிருந்த அத்தையை ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னதற்கு, "அந்த மேட்ச்ச இந்த வீட்டுல இருபத்திரண்டு வருஷமா தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று மறுத்துவிட்டார். அறுவை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. "ரெஃப்ரிக்குக் கண்ணு ஆபரேஷன்னா தெருவுல சிரிப்பாங்க, யார்கிட்டயும் சொல்லாதே," என்றார் மாமா. தெருவுக்கு முந்தின வாரமே தெரியும். அத்தை இருக்கும்போது ரகசியம் எங்கே தங்கும்?

வீடு திரும்பியதும் பெட்டியைத்தான் பார்த்தேன். ஆட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. பதிவு முடிந்து, வெட்டி, அடுக்கியாகிவிட்டது. சும்மா தொடக்கத்தை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மேலே ஓட்டவில்லை. அவர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது முறையல்ல என்று தோன்றியது. சனிக்கிழமை வரை டிவி பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாமா மூன்று நாளும் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பார்க்க மாட்டேன் என்ற அத்தையும் ஒரு முறத்தில் எதையோ வைத்துப் புடைக்கிற சாக்கில் வந்துவிட்டார். புதுக் கண் மாமாவுக்கு நன்றாகத் தெரிந்தது. மின்விசிறி இறக்கையில் அழுக்கு இருக்கிறது என்று காலையிலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

முதல் பாதி முழுவதும் அவர் நாற்காலியில் சாய்ந்தே பார்த்தார். இரண்டாவது பாதியில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எண்பத்தெட்டாவது நிமிடம் வந்தது. இடது ஓரத்திலிருந்து பந்து உயர்ந்து வருகிறது. கோல் முன்னால் ஏழெட்டுப் பேர் எம்புகிறார்கள். யாரோ தலையால் முட்டுகிறார், கோட்டில் நிற்கிற சாவிக்காரர் குதிக்கிறார், பந்து மேலே போகிறது. தூரத்துக் காமிராவில் கையும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை. விசில். ஆட்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். சிவப்பு அட்டை. "இதோ, மறுபடி பார்ப்போம்" என்கிறார் வர்ணனையாளர்.

படம் ஒரு துள்ளு துள்ளியது. பந்து பெனால்டி புள்ளியில் இருந்தது. எதிரணிக்காரர் ஓடிவந்து உதைத்தார். கோல்.

"ரீப்ளே எங்கம்மா?" என்றார் மாமா.

எழுந்து போய்ப் பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். முதல் விளம்பரம், இரண்டாவது விளம்பரம் என்று வரிசையாக இருந்தது. கடைசியில், ஐந்தாவது விளம்பரம், நீளம் முப்பத்து நான்கு விநாடி. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் ரீப்ளேக்கு ஒரு டயர் கம்பெனி ஆதரவு கொடுத்தது. திரை கறுப்பாகும், டயர் கம்பெனியின் இசை வரும், ரீப்ளே ஓடும், மறுபடி கறுப்பாகும். ஆட்டத்தில் முந்தி இரண்டு முறை படம் இப்படித் துள்ளியபோது பழைய டேப் என்று நினைத்திருந்தேன். நிரலுக்குக் கால்பந்தும் தெரியாது, பெனால்டியும் தெரியாது. அதற்குச் சொன்னதை அது செய்திருக்கிறது. மூலத்தைத் தேடினேன். அழித்தாகிவிட்டது, அழித்த இடத்தில் மூன்று நாள் சீரியலும் எழுதியாகிவிட்டது.

ஒரே ஓர் எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிக்காதீர்கள், சின்னதும் பெரியதுமாக நாலைந்து வைத்துப் பாருங்கள் என்று நான் கடைக்காரர்களிடம் தினமும் கத்துகிறவள். நானே நான்கு சீரியலையும் ஒரு செய்தியையும் வைத்துச் சோதித்துவிட்டு முத்திரை குத்தியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில்.

"மாமா, விளம்பரம்னு நெனச்சு வெட்டிடுச்சு," என்றேன். "மூலமும் இல்ல. நான்தான் அழிக்கச் சொல்லி வச்சிருந்தேன். தப்பு என்னோடதுதான்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "விளம்பரத்த எடுக்கச் சொன்னது நான்தான்," என்றார். இந்த வீட்டில் அத்தை எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மாமா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், "சரி விடும்மா. இருக்கறத இன்னொரு தடவ போடு," என்றார்.

போட்டேன். "மெதுவா ஓட்ட முடியுமா?" என்றார். ரிமோட்டில் அதற்கு ஒரு பொத்தான் வைத்திருந்தேன், ஒவ்வொரு அழுத்துக்கும் படம் ஓர் அடி நகரும். பந்து வந்தது, எம்பினார்கள், பந்து போனது. மூன்றாவது தடவை ஓட்டும்போது நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டது. மாமாவும் விட்டுவிட்டார்போலும்.

"நிறுத்து," என்றார். "அந்த ஓரத்துல கறுப்புச் சட்டை. அது நான்தானே?"

"நீங்கதான்."

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "கொஞ்சம் பின்னாடி போ. இன்னும். இப்ப ஒவ்வொண்ணா விடு."

விட்டேன். பந்து காற்றில் வருகிறது. ஓரத்தில் மாமா, தலைமுடி கறுப்பாக, இப்போது இருப்பதில் பாதி உடம்பாக நிற்கிறார். இடது கை மார்புக்கு உயர்கிறது. தலை குனிகிறது. பந்து கூட்டத்துக்குள் விழுகிறது, சாவிக்காரர் குதிக்கிறார், மாமாவின் தலை குனிந்தே இருக்கிறது. பந்து மேலே போய்விட்டது. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து கையை உயர்த்துகிறது. அதற்கப்புறம்தான் மாமாவின் தலை நிமிர்கிறது. நிமிர்ந்த வேகத்தில் விசில் வாய்க்குப் போகிறது.

"வாட்ச்சப் பாக்கறேன்," என்றார் மாமா.

மறுபடி ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். அதேதான். நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"கை மேல போறத நான் பாத்தேம்மா. இன்னிக்கும் கண்ணுக்குள்ள இருக்கு. பத்து கஜத்துல நின்னு தெளிவா பாத்தேன்னு ரிப்போர்ட்ல எழுதிக் கையெழுத்து போட்டேன். கூட்டம் கத்துச்சு, ஊதிட்டேன். மத்தவங்க சொல்லச் சொல்ல, நானே பாத்த மாதிரி ஆயிடுச்சு. பட்டுதா படலையான்னு இத்தன வருஷமா மண்டைய ஒடச்சுக்கிட்டேன். நான் பாக்கவே இல்ல."

எனக்கு அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வயதானவர், கண் அறுவை முடிந்து மூன்று நாள். அத்தை தண்ணீர் கொண்டுவந்தார். அவர் குடிக்காமல் எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்க?" என்றார் அத்தை.

"நாலு வீடு தள்ளி."

நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொடுத்தேன். அதை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்.

சாவிக்காரர் ஓர் இரும்புத் துண்டைப் பிடிக்கருவியில் பொருத்தி அரம் போட்டுக்கொண்டிருந்தார். கடையின் பின்பக்கம் வீடு. உள்ளே அவர் மனைவி தையல் மெஷின் ஓட்டுகிற சத்தம் கேட்டது. எங்களைப் பார்த்ததும் அரம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது. வாசலில் நின்றபடியே மாமா பேசினார். தெருவில் எல்லோரும் 'நீ' போடுகிற ஆளை, 'நீங்க' என்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் பந்தப் பாக்கல. வாட்ச்சப் பாத்துக்கிட்டு இருந்தேன். கூட்டம் கத்தினத வச்சு ஊதிட்டேன்."

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "தெரியும்," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"என்ன சார், எனக்கு நேர் எதிர்லதானே நின்னீங்க. நான்தான் அன்னிக்கே கேட்டேனே. மணி என்ன, மணி என்னன்னு நீங்க கார்டு எடுக்கற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன். மணி என்ன ஆச்சு சார், சொல்லுங்கன்னு. நீங்க பதில் சொல்லல."

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் அவர் காதில் அது விழுந்ததா, விழுந்தும் புரியவில்லையா, எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. "கை பட்டுதாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

சாவிக்காரர் உள்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினார். "பட்டுது. பட்டுது என்ன, நானேதான் தட்டி விட்டேன். வீட்டுல இன்னிக்கு வரைக்கும் படலேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். ஆனா அத நீங்க பாத்துட்டு அனுப்பியிருந்தீங்கன்னா பேசாம போயிருப்பேன் சார். பாக்காம அனுப்புனீங்களே, அதத்தான் என்னால விட முடியல."

எனக்கு மனம் லேசாகிவிட்டது. "மாமா, பட்டிருக்கு. நீங்க குடுத்தது சரிதான்," என்றேன்.

"நான் சரி இல்லம்மா," என்றார் மாமா. "அது சரியாப் போச்சு, அவ்வளவுதான்."

பிறகு சாவிக்காரரைப் பார்த்தார். "நாளைக்கு விழாவுக்கு வருவீங்கல்ல?"

"நீங்க வந்தா வரேன்."

"நான் வரேன். கேடயம் குடுக்கறப்போ மைக் பக்கத்துல நின்னு என்கிட்ட மணி கேளுங்க," என்றார் மாமா. "இந்தத் தடவ எல்லார் முன்னாடியும் பதில் சொல்றேன்."